1500 என்றால் 1500தான்: சிங்க்ரனஸ் மோட்டாரின் வேகம் எங்கிருந்து வருகிறது?

எங்கள் தெருவில் மே மாத இரவுகளில் பத்து மணிக்கு மேல் வோல்டேஜ் இறங்கிவிடும். எல்லா வீட்டிலும் ஏசி ஓடும் நேரம். சீலிங் ஃபேன் சோர்ந்துபோய், இறக்கைகளை எண்ணிவிடலாம் என்கிற வேகத்துக்கு வந்துவிடும். ஏர் கூலருக்குள் இருக்கும் பெரிய விசிறியின் சத்தமும் தணிந்துவிடும். ஆனால் அதே கூலரின் முன்பக்கத்தில், காற்றை இடமும் வலமுமாகத் திருப்பிவிடுகிற தகடுகள் இருக்கின்றனவே, அவற்றுக்கு மட்டும் எந்தக் கவலையும் இல்லை. தூக்கம் வராத ஓர் இரவில் செல்போன் ஸ்டாப்வாட்சை வைத்துப் பார்த்தேன். பத்து முறை போய்த் திரும்ப 2 நிமிடம். மறுநாள் காலை வோல்டேஜ் நன்றாக இருந்தபோது மறுபடி பார்த்தேன். அதே 2 நிமிடம்.

அந்தத் தகடுகளை ஆட்டுவது மேரி பிஸ்கட் அளவுள்ள ஒரு குட்டி மோட்டார். கடையில் ‘ஸ்விங் மோட்டார்’ என்று கேட்டால் தருவார்கள். மைக்ரோவேவ் அடுப்பின் கண்ணாடித் தட்டைச் சுற்றவைப்பதும் இதே இனம்தான். முதுகில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்தால் ‘50/60 ஹெர்ட்ஸ், 5/6 ஆர்பிஎம்’ என்று இருக்கும். அதாவது 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் கொடுத்தால் நிமிடத்துக்கு 5 சுற்று, 60 ஹெர்ட்ஸ் கொடுத்தால் 6 சுற்று. வோல்டேஜைப் பற்றியும் லேபிளில் இருக்கிறது, ஆனால் அதை வேகத்தோடு சேர்த்து எழுதவில்லை. மின்சாரத்தின் அதிர்வெண்ணை மட்டும்தான் வேகத்தோடு ஜோடி சேர்த்திருக்கிறார்கள். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு ஜோடியைப் பற்றித்தான்.

இப்படி அதிர்வெண்ணோடு ஒட்டி ஓடும் மோட்டாருக்கு சிங்க்ரனஸ் மோட்டார் என்று பெயர். பாடப்புத்தகத்தில் ஒத்தியங்கு மோட்டார் என்பார்கள். நல்ல சொல்தான், ஆனால் வைண்டிங் கடையில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

நகராமல் ஓடும் வெளிச்சம்

கோயில் திருவிழாவுக்கு வளைவு கட்டி, சீரியல் பல்பு போட்டிருப்பார்கள். வெளிச்சம் வளைவைச் சுற்றிச் சுற்றி ஓடும். சின்னப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். உண்மையில் அங்கே எந்தப் பல்பும் நகரவில்லை. பல்புகளை மூன்று கூட்டமாகப் பிரித்து மாற்றி மாற்றிக் கட்டியிருக்கிறார்கள்: ஒன்று, இரண்டு, மூன்று, மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று. முதல் கூட்டம் அணையும்போது இரண்டாவது எரிகிறது, அது அணையும்போது மூன்றாவது. அவ்வளவுதான். கண்ணுக்கு வெளிச்சம் ஓடுவதாகத் தெரிகிறது.

மூன்று ஃபேஸ் மோட்டாரின் ஸ்டேட்டர், அதாவது அசையாமல் வெளியே இருக்கும் பகுதி, கிட்டத்தட்ட இந்தச் சீரியல் செட்தான். பல்புக்குப் பதில் செம்புக் கம்பிச் சுருள்கள். வெளிச்சத்துக்குப் பதில் காந்தம். மூன்று ஃபேஸ் கம்பிகளில் வரும் மின்சாரம் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போவதில்லை. முதல் ஃபேஸ் உச்சம் தொட்டு 150இல் ஒரு பங்கு விநாடி கழித்து இரண்டாவது, அப்புறம் இன்னொரு 150இல் ஒரு பங்கு கழித்து மூன்றாவது. ஆகவே ஸ்டேட்டரின் உள்வட்டத்தில் காந்தத்தின் வலு ஒரு சுருளிலிருந்து அடுத்த சுருளுக்கு வழுக்கிக்கொண்டே போகிறது. பல்பைப் போல டக் டக் என்று தாவாமல், ஒன்று தேயத் தேய இன்னொன்று வளர்வதால் இந்த ஓட்டம் வழவழப்பாக இருக்கிறது. இதற்குத்தான் சுழல் காந்தப்புலம் என்று பெயர். இத்தாலியின் டுரின் நகரில் கலிலியோ ஃபெராரிஸும், அமெரிக்காவில் நிகோலா டெஸ்லாவும் தனித்தனியாக இதே யோசனைக்கு வந்து சேர்ந்தார்கள். இருவரும் 1888இல் அடுத்தடுத்து வெளியிட்டார்கள். யார் முந்தியவர் என்ற சண்டை இன்றும் ஓயவில்லை, நாம் அதற்குள் போக வேண்டாம்.

நடுவில் ஒரு காந்தத்தைச் சுழலும்படி வைத்தால் அதுதான் ரோட்டார். சின்ன மோட்டாரில் நிரந்தரக் காந்தம் இருக்கும். பெரிய மோட்டாரில் சுருளுக்கு டிசி மின்சாரம், அதாவது திசை மாறாமல் ஒரே பக்கம் பாயும் மின்சாரம் கொடுத்து ரோட்டாரைக் காந்தமாக்குவார்கள். ஓடுகிற காந்தப்புலத்தின் வட துருவம் ரோட்டாரின் தென் துருவத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்தபின் இரண்டும் சேர்ந்தே ஓடுகின்றன. ஆகவே ரோட்டாரின் வேகம் என்ன என்று கேட்டால், காந்தப்புலத்தின் வேகம் என்ன என்று பார்த்தால் போதும்.

துருவங்களை எண்ணுங்கள்

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒரு விநாடியில் அது 50 முறை ஏறி இறங்கித் தன் சுற்றை முடிக்கிறது. ஸ்டேட்டர் வட்டத்தில் மூன்று சுருள்களும் ஒரே ஒரு முறை அடுக்கப்பட்டிருந்தால், மின்சாரத்தின் ஒரு சுற்றுக்குள் காந்தப்புலமும் வட்டத்தை ஒரு முறை சுற்றிவிடும். விநாடிக்கு 50 சுற்று. நிமிடத்துக்கு 3000.

இப்போது திருவிழா வளைவுக்கு மறுபடி வருவோம். அதே வட்டத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்ற வரிசையை இரண்டு முறை அடுக்கினால் என்ன ஆகும்? மூன்று கூட்டமும் ஒரு முறை எரிந்து முடிக்கும்போது வெளிச்சம் அரை வட்டம்தான் போயிருக்கும். மீதி அரை வட்டத்துக்கு இன்னொரு முறை எரிய வேண்டும். வேகம் பாதியாகிவிட்டது. மோட்டாரிலும் அப்படியே. ஒரு செட் சுருள் ஒரு வடக்கு, ஒரு தெற்கு என்று இரண்டு துருவங்களை உண்டாக்கும். இரண்டு செட் என்றால் நான்கு துருவம், வேகம் 1500. மூன்று செட் என்றால் ஆறு துருவம், வேகம் 1000. எட்டுத் துருவத்துக்கு 750. பன்னிரண்டுக்கு 500.

இதையே சூத்திரமாக எழுதினால்: நிமிடச் சுற்று = 120 × அதிர்வெண் ÷ துருவங்களின் எண்ணிக்கை.

பாலிடெக்னிக்கில் நாங்கள் இதை மனப்பாடம் செய்தோம், அந்த 120 எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. அதில் மாயம் எதுவும் கிடையாது. விநாடியை நிமிடமாக்க 60. துருவங்கள் எப்போதும் ஜோடியாகத்தான் வரும், நாமோ ஒற்றை ஒற்றையாக எண்ணுகிறோம் என்பதால் 2. இரண்டையும் பெருக்கினால் 120.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. துருவங்கள் இரட்டைப் படையில்தான் வரும் என்பதால், 50 ஹெர்ட்ஸில் நேரடியாக ஓடும் சிங்க்ரனஸ் மோட்டாருக்கு 3000, 1500, 1000, 750, 600 என்று படிக்கட்டு வேகங்கள்தான் உண்டு. 2000 வேண்டும் என்று கேட்டால் கிடைக்காது. 3000க்கு மேலே போகவும் முடியாது, ஏனென்றால் இரண்டுக்குக் கீழே துருவம் இல்லை. இடைப்பட்ட வேகம் வேண்டுமென்றால் பல்சக்கரமோ பெல்ட்டோ போட வேண்டும், அல்லது அதிர்வெண்ணையே மாற்ற வேண்டும்.

கூலர் மோட்டாரில் பல்சக்கரம்தான். 12 துருவம் உள்ள ரோட்டார் 500 வேகத்தில் சுற்றுகிறது, அதை நூறில் ஒரு பங்காகக் குறைக்கப் பற்சக்கர அடுக்கு இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் 5 ஆர்பிஎம் வந்துவிடும். பழைய மோட்டார் ஒன்று கிடைத்தால் மூடியை நெம்பித் திறந்து பாருங்கள். நடுவில் ஒரு கறுப்பு வளையக் காந்தம், அதைச் சுற்றிப் பல் பல்லாக வளைத்த தகரம், பக்கத்தில் வெள்ளை பிளாஸ்டிக் சக்கரங்கள். இரும்புத் தூளைத் தூவினால் அந்த வளையத்தில் துருவங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று எண்ணவும் செய்யலாம்.

இதில் இன்னொரு வேடிக்கை. வீட்டுக்கு வருவது ஒற்றை ஃபேஸ். திருவிழா வளைவில் இரண்டே கூட்டம் மாறி மாறி எரிந்தால் வெளிச்சம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்ல முடியாது அல்லவா? இடமாகவும் தோன்றும், வலமாகவும் தோன்றும். அந்தக் குழப்பம் மோட்டாருக்கும் உண்டு. அதனால்தான் பல மைக்ரோவேவ் அடுப்புகளில் தட்டு ஒரு தடவை கடிகாரத் திசையிலும், அடுத்த தடவை எதிர்த்திசையிலும் கிளம்புகிறது. முதல் அதிர்வில் எந்தப் பக்கம் உதை விழுந்ததோ அந்தப் பக்கம். திசை மாறினாலும் வேகம் மட்டும் மாறாது.

பாரம் ஏற்றினால்?

எல்லாருக்கும் இங்கேதான் சந்தேகம் வரும். பாரம் ஏற்றினால் எந்த வண்டியும் மெதுவாகும். மோட்டார் மட்டும் எப்படி அதே வேகத்தில் ஓடும்?

எனக்கு இது புத்தகத்தில் புரியவில்லை. லேபில் ஒரு சாக்பீஸ் கோட்டைப் பார்த்துத்தான் புரிந்தது. நான்கு துருவ சிங்க்ரனஸ் மோட்டார் ஒன்று, அதன் தண்டோடு இணைத்த டிசி ஜெனரேட்டர் ஒன்று. ஜெனரேட்டரில் குண்டு பல்புகளை ஒவ்வொன்றாகப் போட்டால் மோட்டாருக்குப் பாரம் கூடும். மோட்டாரும் ஜெனரேட்டரும் சேரும் கப்ளிங்கின் முகத்தில், நடுவிலிருந்து விளிம்புவரை ஒரே ஒரு சாக்பீஸ் கோடு. லேபில் இருந்தவை சோக் போட்ட பழைய டியூப்லைட்டுகள். அவை விநாடிக்கு 100 முறை மினுக்கும். மோட்டாரோ விநாடிக்கு 25 சுற்று. ஆகவே ஒரு சுற்றுக்கு நான்கு மினுக்கு. மோட்டார் சரியான வேகத்தைத் தொட்டதும், அந்த ஒற்றைக் கோடு நான்காகப் பிரிந்து, கூட்டல் குறி மாதிரி மங்கலாக அந்தரத்தில் நின்றது. மோட்டார் உறுமிக்கொண்டு சுற்றுகிறது. குறி மட்டும் சுவரில் வரைந்ததுபோல அசையாமல் நிற்கிறது.

சார் பல்புகளைப் போட ஆரம்பித்தார். முதல் பல்புக்குக் கூட்டல் குறி கொஞ்சம் பின்பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்து, அங்கேயே நின்றுவிட்டது. இன்னும் இரண்டு பல்பு. இன்னும் கொஞ்சம் சாய்ந்து, மறுபடி நின்றது. பல்புகளை அணைத்ததும் பழைய இடத்துக்கே திரும்பி வந்தது.

பாரம் மோட்டாரின் வேகத்தைக் குறைக்கவில்லை, இடத்தைத்தான் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளியது. ஓடும் காந்தப்புலத்துக்கும் ரோட்டாருக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ரப்பர் பேண்ட் இருக்கிறது என்று வையுங்கள். பாரம் கூடக் கூட அது இழுபட்டு நீளும். ரோட்டார் ஒரு கோணம் பின்தங்கும். ஆனால் இரண்டும் ஒரே வேகத்தில்தான் போய்க்கொண்டிருக்கும். இந்தப் பின்தங்கலுக்கு லோடு ஆங்கிள் என்று பெயர். பாரம் ஏற்றும் அந்த ஒரு கணத்தில் மட்டும் ரோட்டார் துளி மெதுவாகிப் பின்னுக்குப் போகிறது, கொஞ்சம் முன்னும் பின்னும் ஆடி, புதிய இடத்தில் நிலைகொள்கிறது.

ரப்பர் பேண்டுக்கு ஓர் எல்லை உண்டு. ரோட்டார் வழவழப்பான உருளையாக இருந்தால், மின்கோணத்தில் (ஒரு வடக்கு–தெற்கு ஜோடியை 360 டிகிரியாக எண்ணும் கணக்கு) 90 டிகிரி பின்தங்கும்வரை பிடி கூடிக்கொண்டே வரும், அதற்கு மேல் போனால் பிடி குறைய ஆரம்பித்துவிடும். நான்கு துருவ மோட்டாரில் அது தண்டில் 45 டிகிரி. அன்று எங்கள் கூட்டத்தில் ஒருவன் ஆர்வக்கோளாறில் மிச்சம் இருந்த பல்புகளையும் சேர்த்துப் போட்டுவிட்டான். கூட்டல் குறி சாய்ந்தது, இன்னும் சாய்ந்தது, அப்புறம் நிற்கவே இல்லை, பின்பக்கமாகச் சுற்றத் தொடங்கியது. அம்மீட்டர் முள் துள்ளியது. மேசையே அதிரும்படி ஒரு ‘உங்… உங்… உங்…’ சத்தம். பிரேக்கர் விழுந்து லேப் அமைதியானது. மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை, அவனுக்குத்தான் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து விழ ஒரு வாரம் ஆனது.

இந்த இடத்தில் வோல்டேஜுக்கும் ஒரு வேலை இருக்கிறது. வோல்டேஜ் கூடினால் ரப்பர் பேண்ட் தடிமனாகும், குறைந்தால் மெலியும். பிடியின் வலுதான் வோல்டேஜ், வேகத்தில் அதற்குப் பங்கு இல்லை. என் கூலரின் தகடுகள் இறங்கிய வோல்டேஜிலும் அதே வேகத்தில் போனது இதனால்தான். இன்னும் வெகுவாக இறங்கியிருந்தால் மெதுவாகப் போகாது, பிடி விட்டு நடுங்கிக்கொண்டு நின்றிருக்கும். இடையில் வேறு நிலை இல்லை.

கிரைண்டரில் ஏன் 1440?

வீட்டில் இருக்கும் கிரைண்டர் மோட்டாரின் தகட்டைப் பாருங்கள். பெரும்பாலும் 1440 ஆர்பிஎம் என்று பொறித்திருக்கும். கிணற்றடி மோனோபிளாக் பம்பு என்றால் 2880. நம் படிக்கட்டில் இந்த எண்களே இல்லை. 1500க்கும் 3000க்கும் பக்கத்தில் வந்து, தொடாமல் நிற்கின்றன.

இவை இண்டக்‌ஷன் மோட்டார்கள். இவற்றின் ரோட்டாரில் சொந்தக் காந்தம் கிடையாது. சுழலும் காந்தப்புலம் ரோட்டாரின் கம்பிகளை வெட்டிக்கொண்டு ஓடும்போதுதான் அதில் மின்சாரம் உண்டாகி, அது காந்தமாகிறது. ரோட்டாரும் சரியாக 1500இல் ஓடிவிட்டால் வெட்டுவதற்கு எதுவும் இருக்காது, காந்தமும் இருக்காது, இழுவையும் இருக்காது. ஆகவே அது கொஞ்சம் பின்தங்கியே தீரவேண்டும். அந்த 60 சுற்று வித்தியாசத்துக்கு ஸ்லிப் என்று பெயர். பாரம் கூடினால் ஸ்லிப் கூடும், வோல்டேஜ் குறைந்தாலும் கூடும். ஃபேன் சோர்ந்துபோவது இந்த ஸ்லிப்பால்தான். இதே மோட்டாரில் சாக்பீஸ் கோடு போட்டு டியூப்லைட்டின் கீழ் பார்த்தால், கூட்டல் குறி நிற்காது, விநாடிக்கு ஒரு முறை மெதுவாகப் பின்னால் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அப்படியானால் எல்லா இடத்திலும் சிங்க்ரனஸ் மோட்டாரையே போட்டுவிடலாமே? போடலாம், ஆனால் அதற்கு ஒரு பெரிய குறை உண்டு. தானாகக் கிளம்பத் தெரியாது.

ஓடுகிற பஸ்ஸில் ஏறியவர்களுக்கு இது உடனே புரியும். நின்ற இடத்தில் நின்றுகொண்டு, வேகமாகப் போகும் பஸ்ஸின் கம்பியைப் பிடித்தால் கைதான் போகும். பஸ்ஸோடு சேர்ந்து கொஞ்ச தூரம் ஓடி, வேகம் ஒத்துவந்ததும் கம்பியைப் பிடித்து ஏற வேண்டும். (செய்யாதீர்கள்.) சுவிட்சைப் போட்டதும் காந்தப்புலம் முழு வேகத்தில் ஓட ஆரம்பித்துவிடும். நின்றுகொண்டிருக்கும் கனமான ரோட்டாரை அது முன்னால் இழுக்கும், 100இல் ஒரு பங்கு விநாடியில் எதிர்த் துருவம் வந்து பின்னால் தள்ளும். மொத்தத்தில் ரோட்டார் நடுங்குமே தவிர நகராது. அதனால் பெரிய சிங்க்ரனஸ் மோட்டாரின் ரோட்டாரில் தடித்த செம்புக் கம்பிகள் கொண்ட டேம்பர் வைண்டிங் ஒன்றைச் சேர்த்துவிடுகிறார்கள். அதன் தயவில் அது முதலில் இண்டக்‌ஷன் மோட்டார் மாதிரி கிளம்பி, பஸ்ஸோடு ஓடும் ஆளைப்போல 1500க்குப் பக்கத்தில் வந்துவிடும். அப்போது ரோட்டாருக்கு டிசி மின்சாரத்தைக் கொடுத்தால், அதுதான் கம்பியைப் பிடிக்கும் தருணம். ‘டக்’ என்று பிடித்துக்கொள்ளும். ஓடும்போது பாரம் மாறி ரோட்டார் முன்னும் பின்னும் ஆடினால், அந்த ஆட்டத்தை அடக்குவதும் இதே டேம்பர்தான். கூலரின் குட்டி மோட்டாருக்கு இந்த வம்பெல்லாம் கிடையாது. அதன் ரோட்டார் அவ்வளவு லேசு, அரைச் சுற்று மின்சாரத்துக்குள் அதுவே தொற்றிக்கொள்ளும்.

வேகத்தை முடிவு செய்வது யார்?

துருவ எண்ணிக்கையை மோட்டார் செய்தவர் முடிவு செய்துவிட்டார். மிச்சம் இருப்பது அதிர்வெண். அதை யார் முடிவு செய்கிறார்கள்?

எங்கோ இருக்கும் மின்நிலையத்தில் சுற்றும் ஜெனரேட்டர்கள்தான். அவையும் சிங்க்ரனஸ் இயந்திரங்களே, அதே சூத்திரம்தான், தலைகீழாக. அனல்மின் நிலையத்து நீராவி டர்பைன் வேகமாகச் சுற்றினால்தான் திறமையாக இருக்கும். ஆகவே அங்கே ஜெனரேட்டருக்கு இரண்டே துருவம், 3000 வேகம். அணை நீரில் சுற்றும் பெரிய டர்பைனால் அந்த வேகத்தில் சுற்ற முடியாது, ஆகவே துருவங்களைக் கூட்டிவிடுகிறார்கள். சீனாவின் மூன்று பள்ளத்தாக்கு அணையில் 80 துருவங்களோடு நிமிடத்துக்கு 75 முறை மட்டும் சுற்றும் ஜெனரேட்டர்கள் இருக்கின்றன. 80 துருவம், 75 சுற்று, பெருக்கி 120ஆல் வகுத்தால் சரியாக 50.

எனக்குப் பிடித்த உதாரணம் இதாய்ப்பு அணை. பரானா ஆற்றின் குறுக்கே பிரேசிலும் பராகுவேயும் சேர்ந்து கட்டியது. பராகுவேயின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பிரேசிலுடையது 60. ஆகவே 20 ஜெனரேட்டர்களைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பராகுவேயின் பத்துக்கும் 66 துருவம், பிரேசிலின் பத்துக்கும் 78 துருவம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒன்றுக்கு 90.9 சுற்று, இன்னொன்றுக்கு 92.3. ஒரே ஆறு, ஒரே அணை, தண்ணீர் விழும் உயரமும் ஒன்றே என்பதால் டர்பைன்கள் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் சுற்ற விரும்பும். துருவ எண்ணிக்கையைக் கொஞ்சம் மாற்றியே இரண்டு நாட்டு மின்சாரத்தையும் எடுத்துவிட்டார்கள். சூத்திரத்தை இதைவிட அழகாக யாரும் கான்கிரீட்டில் எழுதியதில்லை.

இந்தியாவில் கிட்டத்தட்ட எல்லா மின்நிலைய ஜெனரேட்டர்களும் ஒரே கிரிட்டில், அதாவது ஒரே மின்கம்பி வலையில் பின்னிக் கிடக்கின்றன. தென்னகம் மட்டும் வெகுகாலம் தனி அதிர்வெண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா இருண்டபோது இங்கே விளக்கு எரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 2013 டிசம்பர் 31 அன்று ரெய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாகத் தென்னகமும் சேர்ந்தது. அன்றிலிருந்து காஷ்மீரில் ஓடும் நான்கு துருவ சிங்க்ரனஸ் மோட்டாரும் நாகர்கோவிலில் ஓடுவதும் சராசரியில் ஒரு சுற்றுகூட முன்பின் இல்லாமல் ஓடுகின்றன.

அதற்காக 50 என்பது கல்லில் வெட்டிய எண் இல்லை. மக்கள் இழுக்கும் மின்சாரம், டர்பைன்கள் கொடுப்பதைவிடக் கூடும்போது, எல்லா ஜெனரேட்டர்களும் சேர்ந்து கொஞ்சம் மெதுவாகும், அதிர்வெண் இறங்கும். 49.90க்கும் 50.05க்கும் நடுவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது இந்திய கிரிட் விதி. நம் 1500 மோட்டாருக்கு அது 1497 முதல் 1501.5 வரை. கூலருக்கு இது பொருட்டே இல்லை. கடிகாரத்துக்குப் பொருட்டு.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸைச் சேர்ந்த ஹென்றி வாரன், சிங்க்ரனஸ் மோட்டாரில் ஓடும் மின்கடிகாரத்தை உருவாக்கினார். செய்துவிட்டுப் பார்த்தால் நேரம் தவறியது. கோளாறு கடிகாரத்தில் இல்லை, மின்நிலையத்தில் அதிர்வெண்ணை யாரும் அவ்வளவு துல்லியமாகக் கவனிக்கவில்லை. ஆகவே 1916இல் பாஸ்டன் எடிசன் நிறுவனத்தின் மின்நிலையத்திலேயே ஒரு தலைமைக் கடிகாரத்தை வைக்கச் செய்தார். அதில் ஒரு முள் ஊசலில் ஓடும், இன்னொரு முள் அந்த நிலையத்தின் மின்சாரத்தில் ஓடும். இரண்டு முள்ளும் பிரியாமல் பார்த்துக்கொள்வது ஆபரேட்டரின் வேலை. இவற்றைப் பிரியாமல் வைத்துக்கொண்டால் ஊரில் உள்ள கடிகாரங்கள் தாமே சரியாக ஓடும். கடிகாரம் சரியாக ஓட வேண்டும் என்பதற்காக மின்நிலையத்தையே திருத்திய மனிதர்.

எதிர்ப்பக்க உதாரணம் 2018இல் ஐரோப்பாவில் நடந்தது. செர்பியா–கொசோவோ தகராறில் ஜனவரி நடுவிலிருந்து கிரிட்டுக்கு வரவேண்டிய மின்சாரம் குறைந்துகொண்டே வந்தது. அதிர்வெண் சராசரியாக 49.996 ஆனது. பார்த்தால் ஒன்றுமே இல்லாத வித்தியாசம். ஆனால் நாளைக்கு 7 விநாடி தப்பும். மார்ச் தொடக்கத்தில் கண்டம் முழுக்க அடுப்பிலும் ரேடியோவிலும் இருந்த மின்கடிகாரங்கள் ஏறக்குறைய 6 நிமிடம் பின்தங்கியிருந்தன.

எங்கள் வீட்டிலும் ஒரு கடிகாரக் கதை உண்டு. அமெரிக்காவிலிருந்து சித்தப்பா ஒரு மேசைக் கடிகாரம் கொண்டுவந்தார், அங்கத்து 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. வோல்டேஜுக்காக ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கிப் பூட்டினோம். கடிகாரம் ஜோராக ஓடியது, ஒரு மணி நேரத்துக்கு 50 நிமிடம் காட்டிக்கொண்டு. அப்பா கடைக்காரரிடம் போய் டிரான்ஸ்ஃபார்மர் சரியில்லை என்று சண்டை போட்டார். பாவம், அந்த மனிதர். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மாற்றும், அதிர்வெண்ணைத் தொடாது. 50ஐ 60ஆல் வகுத்தால் என்ன வருமோ அதைத்தான் கடிகாரம் காட்டியது.

அதிர்வெண்ணை நாமே செய்துகொண்டால்

இந்தப் படிக்கட்டு வேகத்தை உடைத்தது எலக்ட்ரானிக்ஸ். கம்பியில் வரும் 50 ஹெர்ட்ஸை முதலில் டிசியாக்கி, அப்புறம் டிரான்சிஸ்டர்களைத் திறந்து மூடி, வேண்டிய அதிர்வெண்ணில் புதிதாக ஏசி மின்சாரம் (மாறி மாறித் திசை திரும்பும் மின்சாரம்) செய்துவிடலாம். ஆலைகளில் விஎஃப்டி அல்லது டிரைவ் என்பது இதைத்தான். நான்கு துருவ மோட்டாருக்கு 40 ஹெர்ட்ஸ் கொடுத்தால் 1200, 70 ஹெர்ட்ஸ் கொடுத்தால் 2100, தாங்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதிர்வெண்ணைக் குறைக்கும்போது வோல்டேஜையும் அதே விகிதத்தில் குறைப்பார்கள், இல்லாவிட்டால் சுருளில் மின்னோட்டம் ஏறி மோட்டார் சுட்டுவிடும். தொடங்குவதும் இதில் சுலபம்: பஸ்ஸையே நிறுத்திவைத்து, ஆள் ஏறியபின் மெல்ல வேகமெடுப்பது மாதிரி, அதிர்வெண்ணைக் கிட்டத்தட்ட பூஜ்யத்திலிருந்து ஏற்றிக்கொண்டு வருவார்கள்.

கடைகளில் இப்போது பிஎல்டிசி ஃபேன் என்று விற்கிறார்களே, அதற்குள் இருப்பதும் நிரந்தரக் காந்த ரோட்டார் கொண்ட சிங்க்ரனஸ் மோட்டார்தான். பெயரில் டிசி இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். நடுக் கிண்ணத்தில் ஒரு சின்ன எலக்ட்ரானிக் பலகை இருக்கிறது, ரோட்டார் இப்போது எங்கே நிற்கிறது என்று பார்த்துப் பார்த்து அதற்கேற்ப அடுத்த சுருளுக்கு மின்சாரத்தைத் திருப்பிவிடுகிறது. ரோட்டாரைப் பார்த்துவிட்டே அடுத்த அடி வைப்பதால், பெரிய மோட்டாரைப் போலப் பிடி நழுவித் தவிக்கும் வேலையும் பெரும்பாலும் இல்லை. ரோட்டாரில் 12 துருவம் என்றால், ரிமோட்டில் 350 ஆர்பிஎம் வேகத்தை அமுக்கும்போது அந்தப் பலகை 35 ஹெர்ட்ஸ் செய்துகொடுக்கிறது. தெருவுக்கு வரும் 50 ஹெர்ட்ஸோடு அதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

போன வருடம் ஹாலில் இருந்த பழைய ஃபேனைக் கழற்றிவிட்டு இதை மாட்டினோம். மே மாதம் வந்தது, பத்து மணிக்கு வோல்டேஜும் வழக்கம்போல இறங்கியது. பெட்ரூம் ஃபேன் சோர்ந்தது. ஹால் ஃபேன் கவனிக்கவே இல்லை. அம்மா பாயை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டார்.